மீதி

கிங்ஸ்டனில் மார்ச்.
ஏரியின் உறைபனி இரவெல்லாம் விரிசல் விட்டுக்கொண்டிருக்கிறது.
மே மாதம் இடிக்கப்போகும் கட்டடத்தின் நிலவறையில்
மணிக்கு இருபத்திரண்டு டாலருக்கு
மனத்தை அளந்த கருவிகளைப் பட்டியலிடுகிறேன்.

பித்தளைக் கடிகாரம் ஒன்று.
நொடியை ஆயிரமாக நறுக்கியது, இப்போது ஓடாது.
விளக்கு தெரிந்ததும் விரலை எடு: இவ்வளவு நேரம்.
சிவப்பு விளக்கானால் மட்டும் எடு: இன்னும் கொஞ்சம்.
இதிலிருந்து அதைக் கழித்தார்கள்.
மீதிக்கு மனம் என்று பெயர்.
கழித்தலில் கடன் வாங்கத் தெரிந்தவனுக்கெல்லாம்
அந்தக் காலத்தில் ஆன்மா பிடிபட்டிருக்கும் போல.

இசைக்கவைகள் பதினொன்று. பெட்டியில் பன்னிரண்டு குழிகள்.

அப்புறம் ஒரு குறிப்பேடு, 1909.
இசபெல் டெயிட், பார்வையாளர்.
பார்வையாளர் என்றால் தன்னையே பார்ப்பவள்,
நாளுக்கு ஒரு மணி நேரம், இருட்டறையில், சம்பளமில்லாமல்.
முதல் நாள் திரை விலகியதும்
‘ஆப்பிள்’ என்று எழுதியிருக்கிறாள்.
அடித்துவிட்டு, ஆசிரியரின் சிவப்பு மை:
பிழை. பொருளைச் சொல்லாதே, உணர்ந்ததைச் சொல்.
பத்தாம் நாள் தேறிவிட்டாள்:
‘சிவப்பு. இடப்பக்கம் மங்கல்.
ஓரத்தில் ஒரு வெளிச்சம், குளிர்ந்ததுபோல.’
‘குளிர்ந்த’துக்கு ஒரு கேள்விக்குறி.

முப்பத்தோராம் நாள் காட்டியது பொருளல்ல, ஒரு சொல்.
அண்ணனோ தம்பியோ,
அவள் மொழியில் இருவருக்கும் அது ஒன்றுதான்.
எழுதுகிறாள்: ‘முதலில் ஒன்றுமில்லை.
தொண்டையில் இறுக்கம், விழுங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே.
ரயிலடியில் ஒரு கையுறை.’
கையுறையின் மேல் சிவப்புக் கோடு.
அங்கே மட்டும் தாள் கிழிந்திருக்கிறது.

ஏட்டைத் திருப்பினால்
பின்னட்டையிலிருந்து வேறொரு கையெழுத்து, 1931.
காகிதச் சிக்கனம்.
எலி 14. இடம், இடம், வலம். 41 நொடி.
எலி 14. இடம், வலம். 29.
உள்ளே என்ன என்று எவரும் கேட்கவில்லை,
கேட்பது அதற்குள் அநாகரிகமாகியிருந்தது.
நடுவே நான்கு வெற்றுத் தாள்கள்.
அந்தப் பக்கமிருந்து அவளும்
இந்தப் பக்கமிருந்து எலியும்
வந்து சேராத இடம்.

எங்கள் மொழியில் நெஞ்சைத் தனியே கூப்பிட்டு நிறுத்தி
‘நீ போ, நான் வரவில்லை’ என்று சண்டை போடலாம்.
யார் பேசுவது, யார் கேட்பது என்று
ஒருவரும் ஸ்டாப்வாட்ச் பிடித்ததில்லை.
இன்று காலை பேருந்தில்கூடப் பேசினேன்,
வாடகை விஷயமாக.

இசைக்கவை ஒன்றை மேசை விளிம்பில் தட்டினேன்.
எத்தனை வருடம் சும்மா கிடந்ததோ, உடனே பேசியது.
எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை.
ஒலி நின்றதா, நான் கேட்பது நின்றதா.

படிவத்தில் மூன்று கட்டங்கள்: பொருள், எண்ணிக்கை, நிலை.
கடிகாரம், 1, பழுது.
இசைக்கவை, 11, ஒன்று குறைவு.
குறிப்பேடு, 1, ஒரு தாளில் கிழிசல்.
கையுறை
என்று எழுதிவிட்டு
அடுத்த கட்டத்தில் பேனாவை ஊன்றியபடி இருக்கிறேன்.

மேலே யாரோ கதவைப் பூட்டும் சத்தம்,
உள்ளே ஆள் இருப்பது தெரியாமல்.