மைக் டெஸ்ட்

ஹலோ. ஹலோ. ஒன் டூ த்ரீ.
நாற்காலி முந்நூறு. ஆள் யாருமில்ல.
பட்டம் வாங்கறவங்க அங்கி வாங்க வரிசையில நிக்கறாங்க.
சிறப்பு விருந்தினர் கார் இன்னும் மூலக்கொத்தளம் தாண்டலையாம்.
இருட்டறதுக்குள்ள முடிக்கணும், ஆறு மணிக்கு மேல விளக்கு கூடாது.
அவர் வர்ற வரைக்கும் இந்த மைக் என்னுது.

அலமேலு சவுண்ட் சர்வீஸ், கொருக்குப்பேட்டை கேட்டாண்ட.
இருபத்தாறு வருஷம்.
ஆளுங்கட்சிக்குக் கட்டின குழாயை
மறுநாள் எதிர்க்கட்சிக்கு அதே கம்பத்துல கட்டியிருக்கேன்.
திட்டு வேற வேற, ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு.
மாதா கொடியேத்தம், சந்தனக்கூடு, ஆடிக் கூழு,
தண்ணி லாரி வரலைன்னு பொம்பளைங்க மறியல்,
எல்லாத்துக்கும் ஒரே வாடகை.
(மறியலுக்குப் பாதி. அதுவும் இன்னும் வரல.)

சண்டை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து
ஸ்டேஷன்ல அனுமதி நோட்டுல ஒரே பதில்:
‘தற்போது இல்லை.’
எண்ணூர் ராத்திரியானா கறுப்பு.
காசிமேட்டுல போட்டெல்லாம் கட்டிக் கிடக்குது.
சரி, குண்டு விழும்னா விளக்கை அணைக்கலாம்.
வாயை எதுக்கு அணைக்கணும்?

போன மாசம் ரேஷன் வரிசையில
தஸ்தகீர் கேட்டான்: ‘பாமாயில் எங்க போச்சு?’
அவ்ளோதான்.
‘எல்லையில பசங்க சாவறாங்க, உனக்கு எண்ணெய் கேக்குதா, துரோகி’ன்னு
பின்னாடி நின்னவங்களே பிடிச்சுத் தள்ளினாங்க.
அவன் தம்பி எல்லையிலதான் இருக்கான்.
அதை அவன் சொல்லல.
எனக்குத் தெரியும். நானும் சொல்லல.
என் பையில அப்ப அரிசி விழுந்துட்டிருந்துது.

ஹலோ. ட்ரெபிள் கொஞ்சம் ஜாஸ்தி.

எம்டன்னு ஒரு கப்பல் வந்து
துறைமுகத்து எண்ணெய் டாங்கியைக் கொளுத்திட்டுப் போச்சு.
நூறு வருஷத்துக்கு மேல ஆவுது.
கப்பல் முழுகிடுச்சு, அனுப்பின ராஜாவும் போயிட்டாரு,
இங்க ஆண்ட ராஜாவும் போயிட்டாரு.
வார்த்தை போவல.
இன்னிக்கும் கில்லாடியைப் பாத்தா ‘சரியான எம்டன்’ங்கறோம்.
சண்டை விட்டுட்டுப் போறது இடிஞ்ச சுவரு மட்டுமில்ல.
வாயில ஒரு வார்த்தை வெச்சிட்டுப் போவும்.
இந்தத் தடவை ‘துரோகி’.
இதைத் தங்க விட்டீங்கன்னா
சமாதானம் வந்தப்புறமும்
குப்பை லாரி எங்கன்னு கேட்டவனுக்கு அதே பேரு,
சம்பளம் எங்கன்னு கேட்டவனுக்கும் அதே பேரு.

உங்கள்ல ஒருத்தருக்கு
அந்த நோட்டுல எழுதற வேலை கிடைக்கும்.
‘தற்போது இல்லை’ன்னா எப்போன்னு தேதி போடுங்க.
யுவராணின்னு ஒரு பொண்ணு, வணிகவியல்ல முதலாவது,
போஸ்டர்ல பாத்தேன்.
அம்மா, நீ கணக்கெழுதற இடத்துல இருப்பு எவ்வளவுன்னு
பலகையில சாக்பீஸால எழுது.
போர்னு சொல்லி பலகையைச் சுவரு பக்கம் திருப்பாதே.
வேலையே கிடைக்காதவங்க
என்னை மாதிரி வரிசையில நிப்பீங்க.
ஒருத்தனைத் தள்றாங்கன்னா பக்கத்துல போயி நில்லுங்க.
பேச வராட்டிப் பரவால்ல. நில்லுங்க.

ஜெயிச்சா பட்டாசு வெடிப்பாங்க,
குழாய் கட்ட நான்தான் போவேன்.
அன்னிக்குத்தான் உஷாரா இருக்கணும்.
அவசரத்துக்கு வாங்கிட்டுப் போன அதிகாரம்
பக்கத்து வீட்டுக்குப் போன அண்டா மாதிரி,
கேட்டாத்தான் திரும்பி வரும்.
வெக்கப்பட்டா அவங்க பேரை வெட்டிக்குவாங்க.

கேட்டாண்ட ஹாரன். வந்துட்டாரு போல.
நான் இறங்கறேன்.
கீழ மூணாவது வரிசையாண்ட இன்னொரு மைக் இருக்கு.
காலேஜ் கேக்கல, நானும் பில்லுல எழுதல.
ஸ்விட்சை மேல தள்ளணும்.