நாற்பதுக்கு ஒன்பது

டயர் கடைக்கு மேல்மாடி.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
பீடோர் சாலையில் திரும்பும்போதெல்லாம்
மேசை ஒருமுறை சிலிர்த்துக்கொள்கிறது.
எதிரே இன்பவள்ளி,
முப்பத்தொன்பது வயது, உதிரிப்பழம் பொறுக்குபவர்.
நகக்கண்ணில் இன்னும் அந்த ஆரஞ்சு எண்ணெய்.

முதல் தேர்வில் பதினொன்று.
நடுவில் முப்பத்திரண்டு.
இன்றைக்கு, இறுதியில், ஒன்பது.

‘படம்’ என்று சொன்னால் ‘பாடம்’ என்று எழுதியிருக்கிறார்.
‘பாடம்’ என்றால் ‘படம்’.
தெரியாதவர் இப்படித் தவறுவதில்லை.
தெரியாத கை கோணும், அழிக்கும்,
பாதி எழுத்தில் நின்று சன்னலைப் பார்க்கும்.
இந்தத் தாளில் ஓர் அழிப்புக்கூட இல்லை.

ஏழாம் கேள்வி:
தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம் கூடியுள்ளதா?

சிரித்துவிட்டார்.
“லோஷினி எங்கிட்ட பேசி மூணு நாளாச்சு, டீச்சர்.
ஸ்கூல் கடுதாசி வந்தா அதுதான் படிச்சுக் காட்டும்.
வருசம் பூரா அஞ்சு வெள்ளி கேக்குறாங்க,
பத்து வெள்ளி கேக்குறாங்க.
போன வாரம் நானே பிரிச்சுப் படிச்சேன்.
பல்லு பாக்க வர்றாங்களாம்.
காசே இல்லையாம்.”

ஆம், இல்லை. இரண்டே கட்டம்.
அந்தச் சிரிப்பை எதில் வைப்பது?

தேறியவர்களுக்கு இன்றோடு வகுப்பு முடிந்தது,
தேறாதவர்களுக்கு இன்னும் ஆறு மாதம்.
விதியை எழுதியவள் நான்.
பெரிய எழுத்தில் அச்சடித்து
மாடிப்படிச் சுவரில் ஒட்டியவளும் நான்தான்.
ஒட்டிய நாளில்
அதை யாரும் படிப்பார்கள் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

பணம் தருபவர்களுக்கு ஒரு சொல் வேண்டும்.
‘முன்னேற்றம்’ என்ற பத்தியில்,
இடது கையால் மறைத்தும் மறைக்காமலும்
அவசரமாக எழுதினேன்:
பினனடைவு.

எனக்கு நேராக இருந்தது
அவருக்குத் தலைகீழ்.
இன்னொரு லாரி போய் முடியும்வரை பொறுத்தார்.
“டீச்சர், மொத னாவுக்குப் புள்ளி வைக்கல.”

நான் நிமிர்ந்தேன். அவர் நிமிரவில்லை.
என் பேனாவை வாங்கி
எழுத்துக்கு மேலே, அவருக்குக் கீழே,
புள்ளியை வைத்தார்.
மூடியைத் தேடி மாட்டித் திருப்பித் தந்தார்.
“அடுத்த வியாழன் எத்தனை மணிக்கு?”

எட்டரைக்கு என்றேன்.
ஒன்பதைத் திருத்தவில்லை.