வந்த வாசல்

இரவு பதினொன்று நாற்பது.
பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால், நிலவறையில்,
ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஏழு பேர் குடியிருக்கிறார்கள்.
ஏழு பேருக்கும் உடம்பில்லை.
ஏரிக்கரை ஊர்களின் பெயரை ரேட்டோ வைத்தான்:
நிடாவ், ட்வான், லிகெர்ட்ஸ்.
மிச்சத்துக்குப் பெயர் தேடுமுன்
வேறு வேலைக்குப் போய்விட்டான்.
அவை நாலு, ஐந்து, ஆறு, ஏழு.

லிகெர்ட்ஸ் சிங்கப்பூரோடு கதைக்கும்.
ஒஸ்லோவில் ஒரு மருந்துக்கடைக்கு
நொடிக்கு நூறு தரம் ஓம், இல்லை சொல்லும்.
தன்னைச் சுமக்கிற வழங்கியோடு மட்டும்
ஒரு சொல் கதைக்காது.

பொதி ஒன்றை அனுப்பிப் பார்த்தேன்.
இன்னொன்று.
நூறு அனுப்பினேன்; நூறும் தொலைந்தன
என்று திரை மரியாதையாகச் சொன்னது.

கம்பியைப் பின்தொடர்ந்தேன்.
லிகெர்ட்ஸின் சொல் வீட்டுக்குள் எங்கும் நிற்பதில்லை.
நேரே வாசல், நேரே கம்பி,
நேரே மூலையில் பச்சையாய் மினுக்கும் நெட்வொர்க் சுவிட்ச்.
அது முகவரியைப் படிக்கிறது:
இது நீ புறப்பட்ட வீடுதானே.
வந்த வாசலால் எதையும் திருப்பி அனுப்புவதில்லை
என்பது அதன் ஒழுக்கம்.
கீழே போட்டுவிடுகிறது.
சத்தம்கூட இல்லை.
யாரிலும் பிழையில்லை என்பதுதான்
இதில் எனக்குக் கோபம்.

எனக்கு இந்த வீட்டைத் தெரியும்.
நான் மூன்றாம் மாடி. வீட்டுக்காரி எஷ்லிமான் இரண்டாம் மாடி.
படியில் கண்டால் அவர் ஜெர்மனில் வணக்கம் சொல்வார்,
நான் பிரெஞ்சில்;
இந்த ஊரில் அது குற்றமில்லை.
போன மாதம் பேர்னில் இருந்து ஒரு கடிதம்,
பராமரிப்பு நிறுவனம், கோப்பு எண், இரண்டு கையெழுத்து:
அதிகாலை மூன்றரைக்குத் தங்கள் குளியலறையில்
நீர் ஓடுவது குறித்து.
என் தரைக்கும் அவர் கூரைக்கும் நடுவில்
ஒன்றரைச் சாண் கொங்கிறீட்.
அதைக் கடக்க அந்த வாக்கியம்
பேர்ன் வரை போய்த் திரும்பியிருக்கிறது.
நானும் பேர்னுக்குத்தான் பதில் எழுதினேன்.
தங்கள் மடல் கிடைத்தது.

சுவிட்சுக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கலாம்.
மலைப்பாதைக்குச் சொல்கிற பெயர்தான் அதற்கும்,
கொண்டை ஊசி வளைவு.
இந்தச் சுவிட்ச் கிழடு, வளையாது.
மற்ற வழி, உள்ளேயே இன்னொரு பாலம்:
வெளியே வாசலில்லாத, வரைபடத்தில் வராத,
எட்டுப் பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு பின்கட்டு.
ஒன்பது வரி எழுதினேன்.
ஆறாவது வரியில் ஓர் எண் பிசகி
நாலு நிமிடம் லிகெர்ட்ஸ் உலகத்துக்கே ஊமையானது.
ஒஸ்லோவில் யாரோ ஒருவர்
காய்ச்சல் மாத்திரைக்கு வரிசையில் நிற்பதாக நினைத்து
எனக்கு வியர்த்தது.

பிறகு, இரண்டு பத்துக்கு,
பூச்சியம் தசம் மூன்று மில்லிநொடி.
பதில்.

பதினொரு நாளாய்ச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம்
ஒரே மூச்சில் கொட்டியது லிகெர்ட்ஸ்.
இடம் போதவில்லை.
இடம் போதவில்லை.
இடம் போதவில்லை, ஆனால் சமாளிக்கிறேன்.
(இந்தக் கடைசி நான் சேர்த்தது.
இயந்திரம் அப்படிச் சொல்லாது.)
வழங்கி உடனே நாற்பது கிகா கொடுத்தது.
முன்பும் கொடுத்திருக்கும், கேட்டிருந்தால்.

மூன்றரைக்கு வீட்டில்
சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
குழாயை நூல் அளவுக்குத் திறந்தேன்.
அப்போது கீழிருந்து, தும்புத்தடியின் நுனியாக இருக்கவேண்டும்,
இரண்டு தட்டு.

முறைப்பாடா, விசாரிப்பா,
தலைப்பு இல்லாமல் வந்த செய்தி.
நனைந்த முகத்தோடு நின்றேன்.
குதிக்காலைத் தூக்கி
ஒரு தரம் தட்டினேன்.

கீழே ஏதோ இழுபட்டது. நாற்காலியாக இருக்கலாம்.
பேர்னில் எல்லோரும் நித்திரை.