கணவாய் மை

கடல் எட்டே காலுக்கு வற்றும் என்று
கூட்டுறவுச் சங்கப் பலகையில் எழுதியிருந்தது.
பதினொரு பெண்கள். ரப்பர் பூட்ஸ், வாரி, வாளி.
கலீசியாவின் இந்தச் சேற்றில் மட்டி வாரக் குனிந்தால்
நிமிர மூன்று மணி நேரம்.

தொசிந்தாவின் வலது முழங்காலில்
குருத்தெலும்பு தேய்ந்துபோயிற்று.
"உள்ளே யாரோ மட்டி உடைக்கிறார்கள்" என்பாள்,
ஒவ்வொரு படிக்கும்.

முதல் மாத்திரை நான் கொடுத்தது.
சட்டைப் பையில், சாவிக்கும் கைக்குட்டைக்கும் நடுவே
பாதி காலியான அட்டை.
எங்களுக்குள் அது ரொட்டி மாதிரி:
ஒருத்தியிடம் இருந்தால் எல்லாருக்கும்.
வெறும் வயிற்றில் விழுங்கினாள்.
அரை மணியில் என்னைத் தாண்டிப் போய்
வாரிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அவளே வாங்கினாள்.
காலையில் ஒன்று, மதியம் ஒன்று,
கடல் வெகுதூரம் உள்வாங்கும் நாட்களில் மூன்று.
இதயத்துக்கென்று தினமும் போடும் குட்டி ஆஸ்பிரினை
மாத்திரைக் கணக்கிலேயே அவள் சேர்க்கவில்லை.
நான் கேட்கவுமில்லை.

கணுக்கால் வீங்கியது. பூட்ஸ் சுருங்கிவிட்டது என்றாள்.
மலம் கறுத்தது.
ஞாயிற்றுக்கிழமை மருமகன் வீட்டில் கணவாய்,
அதன் மையிலேயே வெந்தது, அதுதான் என்றாள்.
திங்கள் சரி.
வியாழனுமா?
"ரொம்ப எழுதின கணவாய் போல" என்றேன்.
இருவரும் சிரித்தோம்.
நான் சிரித்தேன்.

வெள்ளியன்று நீர் திரும்பி ஏறத் தொடங்கியும்
அவள் நிமிரவில்லை.
வாளியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்தாள்.
முகம் மட்டிச் சிப்பியின் உட்புறம் போல வெளுத்திருந்தது.
முழங்காலா என்று கத்தினேன்.
"இல்லையே," என்றாள், "முழங்கால் நன்றாக இருக்கிறது."

பொந்தெவேத்ரா ஆஸ்பத்திரியில்
மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள்.
வயிற்றில் காசளவு புண்.
சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும் என்றாள்
தூக்கம் கெட்ட ஓர் இளம் டாக்டர்.
எந்த மாத்திரை, எத்தனை, எவ்வளவு நாள், கூட வேறென்ன
எல்லாம் கேட்டு எழுதினாள்.
யார் கொடுத்தது என்று மட்டும் கேட்கவில்லை.
பதிலை வைத்துக்கொண்டு
நடைவழியில் வெகுநேரம் நின்றேன்.

இப்போது தொசிந்தா ஏலக்கூடத்தில் உட்கார்ந்து
மட்டிகளை அளவு பார்த்துப் பிரிக்கிறாள்.
முழங்காலுக்குத் தடவ ஒரு களிம்பு,
நாற்காலியில் இருந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சி.
வலிக்கிறது, வலிக்கிறது என்று
போவோர் வருவோரிடமெல்லாம் முறையிடுகிறாள்.
கேட்க நிம்மதியாக இருக்கிறது எனக்கு.

இன்று காலை புதிதாய்ச் சேர்ந்த ஹெர்மிந்தா
இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்:
"உன்னிடம் ஒன்று இருக்குமா?"
கை தானாகப் பைக்குள் போய்விட்டது.
"வேறென்ன மருந்து சாப்பிடுகிறாய்?" என்றேன்.
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டதைப் போல
என்னைப் பார்த்தாள்.

அட்டையில் இன்னும் நாலு இருக்கிறது.