பங்கேற்பாளர் ஏழு

அந்தக் கட்டுரையின் பதினோராம் பக்கத்தில்
நான் இருக்கிறேன்.
வயது நாற்பதுகளில். அனுபவம் பதினெட்டு ஆண்டு.
பெயர்: ப-7.

தாம்பெரேயில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்,
மரம் வெட்டும் எந்திரங்களுக்கு
மென்பொருள் எழுதும் கம்பெனி எங்களுடையது.
எட்டுச் சக்கரத்தில் நின்றபடி
ஒரு பிர்ச் மரத்தை ஒற்றைக் கையில் பிடித்து
நீளம் அளந்து கிளை சீவித் துண்டு போடும் எந்திரம்.
இரண்டு சென்டிமீட்டர் தவறினால்
ஆலைக்காரன் விலையைக் குறைப்பான்.
காட்டுக்காரன் எங்களுக்குப் போன் போடுவான்,
வசவில் மட்டும் அளவு தவறாமல்.

பல்கலைக்கழகமும் நாங்களும்
ஒப்பந்தம் போட எட்டு மாதம் ஆயிற்று.
கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று
எதையும் கண்டுபிடிப்பதற்கு முன்பே வழக்கு.
பேராசிரியருக்கு மூன்று ஆண்டு ஒரு மூச்சு.
எங்கள் ரைமோவுக்கு மூன்று மாதம் ஒரு யுகம்.
இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில்
காபி எந்திரத்தின் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தாள்
ஹில்லெவி கூஸ்நியெமி,
ஈரக் கையுறைகளை ரேடியேட்டர்மேல் காயப் போட்டுவிட்டு.

“சோதனை சிவப்பாக வந்தால் என்ன செய்வீர்கள்?”
மறுபடி ஓட்டுவோம்.
“மறுபடியும் சிவப்பென்றால்?”
காபி குடித்துவிட்டு ஓட்டுவோம்.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
பச்சை வரும்வரை ஓட்டுவதற்கு
அவர்கள் ஊரில் ஒரு பெயர் இருக்கிறதாம்.
எங்கள் ஊரில் அதன் பெயர் வியாழக்கிழமை.

பிப்ரவரியில் ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு,
மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.
நாங்கள் காபியில் கரைத்த சிவப்புகள்
நாலாயிரத்துச் சொச்சம்.
அவற்றில் முன்னூற்றுப் பன்னிரண்டு
உண்மை பேசியவை.

அதில் ஒன்று என்னுடையது.
உறைந்த பட்டைமேல் அளவுச் சக்கரம் வழுக்கும்போது
எண்ணை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்ற
ஒரே ஒரு வரி.
ஆறு வருடத்துக்கு முன்னொரு வெள்ளி,
மகளை ஹாக்கிப் பயிற்சியிலிருந்து அழைத்துவர
நேரமாகிவிட்டது என்று எழுதிய வரி.
அது ஆறு குளிர்காலம்
காடுகளில் தப்பாக அளந்திருக்கிறது.

“பெயர் போடமாட்டேன்” என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
“போடக்கூடாது என்பது விதி” என்றும் சொன்னாள்.
முதலாவதோடு நிறுத்தியிருக்கலாம்.

பிறகு வக்கீல் படித்தார்.
தொண்ணூறு நாள் அவருக்கு உரிமை.
எங்கள் பெயர் ‘கம்பெனி அ’ ஆயிற்று.
எந்திரம் ‘கனரக வாகனத் துறை’ ஆயிற்று.
மைனஸ் இருபத்தாறு ‘சில சூழல்களில்’ ஆயிற்று.
பிர்ச் போயிற்று, பனி போயிற்று,
கையுறைகள் அதில் எப்போதும் இருந்ததில்லை.
என் வரியை நானே திருத்தினேன்.
மிச்சம் முன்னூற்றுப் பதினொன்று
அடுத்த காலாண்டுக்கு என்றார் ரைமோ.
அந்தக் காலாண்டு வருவதற்குள்
ஆஸ்திரியாக்காரர்கள் எங்களை வாங்கினார்கள்.
அவர்களிடம் வேறு மென்பொருள் இருந்தது.
எங்களுடையதை, பச்சை சிவப்பு எல்லாவற்றையும்,
ஒரு மதியத்தில் அணைத்தார்கள்.

இப்போது நான் மின்தூக்கிக் கம்பெனியில் இருக்கிறேன்.
போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பு.
சாவ் பாவ்லோவிலிருந்து திரையில் பேசிய பெண்
ஒரு மேற்கோளைக் காட்டினாள்.
கீழே, அடைப்புக்குறிக்குள்: ப-7.

பக்கத்திலிருந்தவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.
எப்படி நிரூபிப்பது?
பதினெட்டு வருடம் எழுதியதில் இன்று ஓடுவது எதுவுமில்லை.
ஓடாத ஒரு வாக்கியம் மட்டும் மிச்சம்,
அதுவும் எண்ணின் பேரில்.

நான் சொன்னது ‘சிவப்புக்குப் பழகிவிட்டோம்’.
எங்கள் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதில்
‘சிவப்போடு வாழக் கற்றுக்கொண்டோம்’ என்று ஆகியிருக்கிறது.
ஏதோ துணிச்சல்காரன் பேசியதுபோல.
ஹில்லெவிக்கு எழுதிக் கேட்கலாம்.
முகவரியைக்கூடத் தேடி எடுத்தேன்.

சின்னப் பிழைதான்.
பிழைத்துப் போகட்டும்.