துண்டுக் கணக்கு

இரவு இரண்டேகால்.
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி
ஷார்ஜாவுக்குப் போக வேண்டிய தொதலை
அரைக் கிலோ, பிறகு இன்னொரு அரை,
பிறகு விரலில் ஒட்டிய எண்ணெயை.
ருசி முதல் நான்கு வாய்க்குத்தான்.
மீதிக்கு நாக்கே தேவைப்படவில்லை.
காலையில் கடை திறந்ததும்
அதே எடைக்கு வேறு வாங்கி
அதே டப்பாவில் அடைத்து டேப் ஒட்டினேன்.
மாமி தொட்டுப் பார்த்து
"நேத்து வாங்குனது இன்னும் சூடாறலையே" என்றார்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை.
எழிலன் சார் கோடு போட்ட நோட்டு தந்தார்.
என்ன தின்றாய், எத்தனை மணிக்கு, நின்றா, உட்கார்ந்தா,
அதற்கு முன் மனசில் என்ன ஓடியது.
மூன்று வேளை, நடுவே இரண்டு சிறுதீனி.
இரவு தின்றதற்குப் பகலில் பட்டினி கிடந்து
ஈடு கட்டாதே என்றார்.
நான் பிசகாமல் கற்ற கணக்கு அது ஒன்றுதான்.
ஆறு வாரத்தில் ஐந்து இரவு இரண்டானது.

அப்போது நோன்பு வந்தது.
மருந்துக்காரர்கள் விடலாம் என்றார் சார்.
விடலாம். என்ன நோயென்று சொல்லி விடுவது?
சர்க்கரை என்றால் கீழக்கரையே தலையாட்டும்.
தின்கிற நோய் என்றால்?
இன்னொன்றும் இருக்கிறது, நோட்டில் எழுதாதது:
அந்த ஒரு மாதம்தான்
ஊரே நடுச்சாமத்தில் விளக்கைப் போட்டுத் தின்றது,
நான் யாருக்கும் ஒளியவில்லை.

மதுரையிலிருந்து வினோலியா மேடம், புதன்தோறும் போனில்.
அவர் சோற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.
"அன்னைக்குக் கடைசியா யார்ட்ட பேசுனீங்க?"
மச்சானிடம். பதினோரு நிமிஷம்.
ஏசி ரிப்பேர், கொழுந்தன் கல்யாணச் செலவு, சரி வைக்கிறேன்.
"வைக்கிறேன்னு யார் சொல்லுவா?"
இதற்குப் பதில் தேட ஒரு வாரம் ஆனது.
நான்கு மாதம் ஆனது
வைக்க விடாமல் ஒருநாள் இப்படிச் சொல்ல:
"போன பார்சலும் நான்தான் தின்னேன்,
அதுக்கு முந்துனதும்."
அந்தப் பக்கம் கார் ஹாரன், யாரோ இந்தியில் திட்டுவது.
பிறகு, "அப்ப நான் தின்னது எந்தக் கடை?"

ஏர்வாடியில் ஒரு சின்னப் பெண், ஆதிரை,
கையில் ஐஸ்கட்டியைக் கொடுத்துச் சொன்னாள்:
ஆசை அலை மாதிரி அக்கா,
எழும், உடையும், போயிரும்.
எங்கள் கடலில் அலை ஏதம்மா?
தீவுக்கு அப்பாலேயே பார் மறித்துவிடும்.
இங்கே சத்தமில்லாமல் நீர் ஏறும்,
பார்க்கும்போது முழங்காலில் நிற்கும்.
யோசித்தாள்.
"அப்ப அது வத்துற வரைக்கும் நில்லுங்க."

ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருத்தி
குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள், எதில் குணமாகும்?
நோட்டு சீக்கிரம் கைகொடுத்தது,
நோன்பில் கைவிட்டது.
போன் நத்தை. ஆனால் எதைத் தின்றேன் என்பதல்ல,
எது கிடைக்காமல் தின்றேன் என்று அது கேட்டது.
ஐஸ் இருபது நிமிஷம், உள்ளங்கை மரக்கும்.
ஒன்றைச் சொன்னால் மற்றதற்குப் பொய்யாகிறது.
கடைசியில் கீழக்கரை பஸ் நேரத்தைச் சொன்னேன்,
என் நம்பரையும்.

நேற்று இரண்டேகால்.
நீர் ஏறியது.
நின்றேன். வற்றவில்லை.
விளக்கைப் போட்டு, தட்டெடுத்து, கத்தியால் வெட்டி
உட்கார்ந்து தின்றேன்.
நோட்டில்: மூன்று துண்டு.
நான்காவதை வெட்டியும் வைத்திருந்தேன்.
அதையும் எழுதினேன்.