ஏழாவது வாரம்: எ, த

ரோவல் ரோட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கு மேல்
மாடி அறை. ஞாயிறு மூன்று மணி.
குளிர்சாதனம் ஓடுகிறது என்பதற்கு
அதன் சத்தம் ஒன்றுதான் சாட்சி.

முதல் தடவை வருகிறவன் 'எ மேன்', என்றேன்.
யாரோ ஒருத்தன். இன்னும் தெரியாதவன்.
அடுத்த வரியிலும் அவனே வந்தால் 'த மேன்'.
இப்போது தெரிந்தவன்.
"ஒரு வரிக்குள்ள பழகிருவாங்களா?"
என்றார் வெல்டர் பூமிநாதன்.
எல்லோரும் சிரித்தார்கள்,
ஆண்டிச்சாமியைத் தவிர.

அவருக்கு 'த' இன்னும் பிடிபடவில்லை.
சமைக்கத் தெரியாதவன் உப்புப் போடுவதுபோல்
'ஐ கோ த உட்லண்ட்ஸ்' என்பார்,
வேண்டிய இடத்தில் மறந்துவிடுவார்.

இன்று சட்டைப் பையிலிருந்து
நான்காக மடித்த கம்பெனித் தாளை எடுத்தார்.
என்ன நடந்தது என்று எழுத மூன்று கோடுகள்.
பென்சிலில்: 'வொர்க்கர் ஃபால் டவுன்.'

"'எ வொர்க்கர் ஃபெல்' என்று எழுதுங்கள்.
முதல் தடவைதானே வருகிறார்."
"முதல் தடவையா?"
"தாளில்."
"ரெண்டு வருசமா எனக்கு மேல்கட்டில்க்கா.
ரொஃபிகுல். டாக்கா பக்கம்.
அவன் புரண்டு படுத்தா எனக்கு முழிப்பு வரும்.
அஞ்சு நாளா கட்டில் அசையல."

பேருக்கு எதுவும் வேண்டாம், என்றேன்.
'எ'யும் வேண்டாம், 'த'வும் வேண்டாம்.
'ரொஃபிகுல் ஃபெல்.'
எழுதினார், கடைசி எல் இரண்டையும் ஊன்றி.

"ஏணியை மேல கயிறு போட்டுக் கட்டணும். கட்டல.
அதை எப்படி எழுதறது?"

இது எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.
ராஃபிள்ஸ் பிளேஸில், பதினாறாவது மாடியில்,
காப்புறுதிக் கடிதங்கள் எழுதுகிறவள் நான்.
தாமதம் ஏற்பட்டது. கோப்பு தவறவிடப்பட்டது.
கோரிக்கை ஏற்கப்படவில்லை.
பதினோரு வருடமாக அங்கே
யாரும் எதுவும் செய்ததில்லை.
செயப்பாட்டு வினை பதினெட்டாம் பாடம்.
பரவாயில்லை என்று பலகையில் எழுதினேன்:
'த லேடர் வாஸ் நாட் டைட்.'

வெகுநேரம் பார்த்தார்.
"இதுல யாரு கட்டலைன்னு எங்க இருக்கு?"
"இருக்காது. விட்டுவிடலாம். அதுதான் வசதி."
"தப்பில்லையா?"
"இலக்கணப்படி இல்லை."

கீழே கடையில் யாருடைய கைப்பேசியோ
சோதனைக்காக அடித்து அடித்து நின்றது.
பூமிநாதன் காபித்தூள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.
ஆண்டிச்சாமி பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்,
கழற்றினார்.

பலகையில் இருந்ததை அவர் எழுதவில்லை.

'ஐ நோ டை த லேடர்.'

அதன் கீழே, 'சூப்பர்வைசர் சே ஃபாஸ்ட் ஃபாஸ்ட்.'
அதை மட்டும் அடித்தார்.
பிறகு இடமில்லாமல் ஓரத்தில்
அதையே பொடியாகத் திரும்ப எழுதினார்.

"தப்பு இருந்தா திருத்துங்கக்கா."

பர்மிட் முடிய எட்டு மாதம். அதை
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
சிவப்புப் பேனாவை எடுத்து
'நோ'வை அடித்து, மேலே 'டிட் நாட்' என்று எழுதினேன்.
எழுதிய பிறகுதான் பார்த்தேன்:
'த' அதன் இடத்தில் இருந்தது.
ஏழு வாரத்தில் முதல் தடவை.
அந்த ஏணி. எதுவென்று தெரிந்த ஏணி.

தாளை மறுபடி நான்காக மடித்தார்.
ஈசூனில் பார்வை நேரம் எட்டு வரைதானாம், கிளம்ப வேண்டும்.
"நர்ஸ்கிட்ட, ஆரஞ்சு குடுக்கலாமான்னு எப்படிக் கேக்கிறது?"
'மே ஐ' என்று தொடங்கினேன்.
"கேன் போதும்க்கா," என்றார் படியில் இறங்கிக்கொண்டே.
"இங்க எல்லாரும் கேன்தான்."